சுண்ணாம்பின் வரவு செலவு

தை பிறக்க இன்னும் சில நாட்களே உள்ளன. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் வீடு கழுவும் வேலையும் வெள்ளையடிக்கும் வேலையும் தொடங்கிவிட்டன. பெயிண்டு டப்பாக்கள் எத்தனையோ வகையாக வந்துவிட்ட இந்நாளிலும், பொங்கலுக்குச் சுவரில் ஒரு கை சுண்ணாம்பு பூசினால்தான் மனம் நிறையும் என்னும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இவ்வேளையில் தாராவித் தாய்மார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ள கடிதம் காலத்திற்கு ஏற்றதாய் அமைந்திருக்கிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டால் குளிர்ந்தே இருக்கிறது. அதில் சேரும் நீரும் குளிர்ந்த நீரே. இரண்டும் கூடியவுடன் அடுப்பின்றி, விறகின்றித் தளதளவென்று கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகன் கேட்டதாகவும், விடை கூற இயலவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சிறுவன் கேட்டது சிறிய கேள்வி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் பலர் இக்கேள்வியோடு தம் வாழ்நாளைக் கழித்திருக்கின்றனர். ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு பொழுது போக்கும் நமக்கோ எதையும் வரவாகவும் செலவாகவும் பார்க்கும் பழக்கம் ஊறிப்போயிற்று. அந்தப் பழக்கமே ஈண்டு நமக்குத் துணை. ஏனெனில் இரசாயனமும் மிகக் கண்டிப்பான ஒரு கணக்குப்பிள்ளையே. அதன் பேரேட்டில் ஒரு காசு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சுண்ணாம்பின் பெயரில் உள்ள பக்கத்தை இத்திங்கள் புரட்டிப் பார்ப்போம்.

செலவுப் பக்கம்: காளவாய்

கணக்கைச் சுவரிலிருந்து அன்று, காளவாயிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர்ப்பக்கங்களில் சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருப்பார்கள். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலையும், உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லையும் கரியோடு அடுக்கடுக்காக இட்டு எரிப்பார்கள். கிளிஞ்சலும் கல்லும் இரசாயன முறையில் ஒன்றே. இரண்டும் கால்சியம் கார்பனேட்டு. கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பொருள், கரியமிலவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை அது.

அந்தப் பிடி எளிதில் தளர்வதில்லை. ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்கு மேல்தான் கல் தன் கரியமிலவாயுவை முழுமையாக விட்டுக்கொடுக்கும். வாயு புகையோடு போய்விட, எஞ்சி நிற்பதே சுட்ட சுண்ணாம்பு. 100 கிலோ கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாய்ப் போய்விடும். 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். காளவாய்க்காரர் தூக்கிப் பார்த்தே கல் வெந்துவிட்டதா என்று சொல்லுவது இதனால்தான். வெந்த கல் எடை குறைந்திருக்கும்.

எடைக்கணக்கு இவ்வாறிருக்க, வெப்பக் கணக்கு யாது? அதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். வெப்பத்தைக் கிலோஜூல் என்னும் அலகால் அளப்பது இன்றைய முறை. நம் அறையில் உள்ள ஒரு லிட்டர் நீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் வேண்டும். இதை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 100 கிலோ கல்லிலிருந்து கரியமிலவாயுவைப் பிரிக்க 1,78,000 கிலோஜூல் செலவாகிறது. ஏறக்குறைய 590 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் இது. காளவாயில் எரியும் கரி இதனினும் மிகுதியான வெப்பத்தைத் தரும். அதிற் பெரும்பகுதி புகையோடும் சுவரோடும் வீணாகும். நாம் சொன்ன 1,78,000 கிலோஜூல், பிரிக்கும் வேலைக்கென்றே உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்ட தொகை.

இவ்வாறு சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டு நிகழும் வினையை வெப்பம் கொள் வினை என்று நம் பாடநூல்கள் கூறும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதனையே எண்டோதெர்மிக் என்று படிக்கின்றனர். நம் திருநெல்வேலிச் சீமையில் தாழையூத்தை அடுத்த சங்கர்நகரில் 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய சிமெண்டு ஆலையின் பெரும் உலையிலும் முதற்கண் நிகழ்வது இதே வேலைதான்: கல்லைச் சுட்டு வாயுவைப் பிரித்தல். சிமெண்டு மூட்டையின் விலையில் எரிபொருள் செலவு இவ்வளவு பெரும்பங்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தவணை: நீற்றுதல்

காளவாயிலிருந்து எடுத்த சுண்ணாம்பு ஆறிவிடுகிறது. கையால் தொடலாம்; மூட்டையில் கட்டலாம்; வண்டியேற்றலாம். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். சூடு ஆறிவிட்டது, கடன் ஆறவில்லை. உள்ளே இழுத்துக்கொண்ட 1,78,000 கிலோஜூலும், கல் ஒருபுறமும் வாயு ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும் அந்நிலையில் அடங்கியே இருக்கிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் தெரியாது. ஆனால் கணக்கில் அது இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்ந்தவுடன் அக்கடனின் முதல் தவணை திரும்பி வருகிறது. 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை உள்வாங்கி 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் 65,000 கிலோஜூல். நம் வீட்டு அளவிற் சொன்னால், ஒரே ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது ஏறக்குறைய 1,160 கிலோஜூல் வெளிப்படும். அடுப்பே இல்லாமல் மூன்றரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு ஏற்றக்கூடிய தொகை அது. அடுப்பிலாவது அவ்வெப்பம் சிறிது சிறிதாய் வரும். இங்கே சில நிமிடங்களில் மொத்தமாய் வந்துவிடும். ஆகவேதான் தளதளவென்று கொதிப்பு, ஆவி, தெறிப்பு எல்லாம்.

வெப்பத்தை வெளியே விடும் இத்தகைய வினை வெப்பம் உமிழ் வினை எனப்படும். ஆங்கிலத்தில் எக்ஸோதெர்மிக். சிறுவனின் கேள்விக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது. அந்தச் சூடு சுண்ணாம்பும் நீரும் புதிதாய் உண்டாக்கியதன்று. எங்கோ ஓர் ஊரில், எவரோ எரித்த கரியின் சூட்டில் ஒரு பங்கு. அது நம் வாசல்வரை மூட்டையில் பயணம் செய்து வந்து இறங்குகிறது.

சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் இதனை நன்கு அறிவர். சுட்ட சுண்ணாம்பு நனையாமற் செல்ல வேண்டிய சரக்கு. மழையிலே நனைந்தால் எடை கூடும், மூட்டை வெடிக்கும் என்பதோடு நில்லாது; பக்கத்தில் வைக்கோலோ மரமோ சாக்கோ இருந்தால் அதன் சூட்டில் தீப்பற்றவும் கூடும். நெருப்புக்குச்சி உரசாமலே நீரால் தீ உண்டாகும் விந்தை இது.

இரண்டாம் தவணை: சுவர்

1,78,000-இல் 65,000 வந்துவிட்டது. மீதி 1,13,000 கிலோஜூல் எங்கே? அது சுவரில் இருக்கிறது.

நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசுகிறோம். நீர் உலர்ந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். முடியவில்லை. அன்றிலிருந்துதான் சுவர் தன் வேலையைத் தொடங்குகிறது. காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்களவே உள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுகப் பிடித்து, நீரை விட்டுக்கொடுத்து, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. பூசிய புதிதில் கையில் ஒட்டிய வெள்ளை, சில வாரங்கள் சென்றபின் முன்போல் ஒட்டாமல் இறுகி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். கிளிஞ்சலாய் இருந்தது காளவாயில் வாயுவை இழந்து, மூட்டையில் வந்து, சுவரில் மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிவிட்டது. காளவாயில் போன 44 கிலோ வாயு திரும்பி வந்தது. நீற்றும்போது சேர்ந்த 18 கிலோ நீர் வெளியேறியது. 100 கிலோ மீண்டும் 100 கிலோவே.

அப்போது வெளிப்படுவதுதான் மீதி 1,13,000 கிலோஜூல். ஆனால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பரவி வருவதால் சுவரைத் தொட்டால் நம் கைக்குத் தெரிவதில்லை. 65,000-உம் 1,13,000-உம் கூட்டிப் பாருங்கள். 1,78,000. வாங்கிய கடன் ஒரு காசு மிச்சமின்றித் தீர்ந்தது.

இது தற்செயலான பொருத்தமன்று. ஜெனீவாவிற் பிறந்து ருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஜெர்மேன் ஹெஸ் என்னும் அறிஞர் 1840-ஆம் ஆண்டிலேயே இவ்விதியை வெளியிட்டார். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு எத்தனை படிகளில் சென்றாலும் மொத்த வெப்பக் கணக்கு மாறாது என்பதே அது. பம்பாயிலிருந்து சென்னைக்கு எவ்வழி சென்றாலும் இரு நகரங்களின் உயர வேறுபாடு மாறாதது போல. மலையேறி இறங்கலாம், சுற்றிச் செல்லலாம், முடிவில் ஏறியதும் இறங்கியதும் கழிந்து அதே எண்தான் நிற்கும்.

தண்டவாளத்தில் ஒரு கணக்கு

சுண்ணாம்பு நீரைக் கண்டவுடன் கொதிக்கிறது. எல்லா வெப்பம் உமிழ் வினைகளும் அவ்வாறு தாமாகத் தொடங்குவதில்லை. இதற்கு நம் கண்முன் உள்ள சான்று ரயில் பாதையிலேயே உண்டு. ஞாயிற்றுக்கிழமை ‘மெகா பிளாக்’ என்று வண்டிகளை நிறுத்தும்போது நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த நேரத்திலும் இரவு நேரங்களிலும் பாதைப் பணியாளர் செய்யும் வேலைகளுள் ஒன்று, தண்டவாளத் துண்டுகளை உருக்கி ஒட்டுதல். அதற்குப் பெரிய உலை எதையும் அவர்கள் சுமந்து வருவதில்லை. ஒரு மூசையும், ஒரு பொட்டலம் தூளுமே போதும்.

அத்தூள் இரும்புத் துருவின் இனமான இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் கலந்தது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1899-இல் எஸ்ஸன் நகரின் டிராம் பாதையில் இது தண்டவாளம் ஒட்டப் பயன்பட்டது. தெர்மிட் என்பது இதன் பெயர். அலுமினியம், இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. அப்போது எழும் வெப்பம் ஏறக்குறைய 2,500 டிகிரி. 1,538 டிகிரியிலேயே உருகிவிடும் இரும்பு நீராய் ஓடி, இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அச்சில் இறங்கி உறைகிறது.

இவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கும் அத்தூள், பொட்டலத்தில் உள்ளவரை அமைதியாகவே இருக்கும். தொடங்கி வைக்க ஒரு தீப்பொறி வேண்டும். பழைய பிணைப்புகளைச் சற்றே அசைத்துவிட ஒரு முன்பணம் தேவை. வாடகை வீட்டிற்கு ‘டெபாசிட்’ கொடுத்துக் குடிபுகுவது போலத்தான். வரப்போகும் வரவு பெரிதாயினும் முன்பணம் கொடுத்தால்தான் கதவு திறக்கும். சமையல் வாயு தானாக எரியாமல் ‘லைட்டர்’ கேட்பதும் இக்காரணத்தாலேயே. சுண்ணாம்பிற்கு இம்முன்பணம் மிகக் குறைவு. அறையின் சாதாரண வெப்பமே போதும். அதனாலேயே அது தெர்மிட்டை விட ஏமாற்றக்கூடியது.

இங்கும் வெப்பம் இலவசமாக வந்துவிடவில்லை. 160 கிலோ இரும்பு ஆக்சைடும் 54 கிலோ அலுமினியமும் சேர்ந்தால் 8,52,000 கிலோஜூல் கிடைக்கும். ஆனால் அந்த 54 கிலோ அலுமினியத்தை அதன் ஆக்சைடிலிருந்து பிரித்தெடுத்த நாளில் 16,76,000 கிலோஜூல் செலுத்தப்பட்டிருக்கிறது. மேட்டூரில் 1965-ஆம் ஆண்டில் தொடங்கி ஒரு காலத்தில் இயங்கிய அலுமினிய ஆலையைப் போன்றவை மின்சாரத்தை ஏராளமாய் விழுங்கியது இதற்காகத்தான். இரும்பை விடுவிக்க அதில் 8,24,000 போக, மீதிதான் நாம் தண்டவாளத்தில் காணும் ஒளியும் வெப்பமும். அணைக்கட்டும் அனல் நிலையமும் ஈந்த ஆற்றல் இரவில் நம் பாதையை ஒட்டவைக்கிறது.

செம்பூரின் இரு கைகள்

முன்பணம், பிணைப்பு என்று கூறினோம். இதில் மாணவர் பலர் இடறும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று பலர் எழுதிவிடுகின்றனர். உண்மை அதற்கு நேர் மாறானது. பிணைப்பை உடைப்பது எப்போதும் செலவு. பிணைப்பு உண்டாவது எப்போதும் வரவு. வரவு மிகுந்தால் வினை வெப்பத்தை உமிழும். செலவு மிகுந்தால் வெப்பத்தைக் கொள்ளும்.

இதற்குச் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள உர ஆலையைப் பார்ப்போம். இந்திய உரக் கழகத்தின் டிராம்பேப் பிரிவாக 1965-ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கி, 1978-இல் ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைஸர்ஸ் என்னும் தனி நிறுவனமானது அது. அங்கே இரு வகை வினைகளும் ஒரே மதிற்சுவருக்குள் நிகழ்கின்றன. முதலில் இயற்கை வாயுவையும் நீராவியையும் சேர்த்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். 16 கிலோ மீத்தேனுக்கு 2,06,000 கிலோஜூல் செலவு. இது வெப்பம் கொள் வினை. ஆகவே எரியும் உலைக்குள் குழாய்களை வைத்து இடைவிடாமற் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து அந்த ஹைட்ரஜனைக் காற்றில் உள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்குவர். 28 கிலோ நைட்ரஜனின் பிணைப்பையும் 6 கிலோ ஹைட்ரஜனின் பிணைப்பையும் உடைக்க ஏறக்குறைய 22,53,000 கிலோஜூல் செலவு. 34 கிலோ அம்மோனியாவில் புதுப்பிணைப்புகள் உண்டாவதால் ஏறக்குறைய 23,45,000 கிலோஜூல் வரவு. மிச்சம் 92,000. ஆகவே இது வெப்பம் உமிழ் வினை. மிச்சம் சிறிது, முதற்செலவு பெரிது என்பதைக் கவனியுங்கள். நைட்ரஜனின் பிடி அவ்வளவு இறுக்கமானது. இரும்பு வினையூக்கியும் உயர்ந்த அழுத்தமும் இன்றி அது அசையாது. ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்ட, கார்ல் பாஷ் 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்னும் இடத்தில் தொழிற்சாலையாக்கினார். வரும் வெப்பத்தைப் பொறியாளர் வீணாக்குவதில்லை. அதைக்கொண்டு நீராவி உண்டாக்கி ஆலைக்கே பயன்படுத்துகின்றனர்.

குளிரும் வினைகள்

அம்மோனியாவிலிருந்து யூரியா பிறக்கிறது. ஊரில் வயல் வேலை செய்தவர்க்கு ஒன்று தெரிந்திருக்கும். வாளி நீரில் யூரியாவைக் கரைத்தால் வாளி சில்லென்று ஆகிவிடும். அங்கே புதுப்பொருள் பிறப்பதில்லை, வெறும் கரைதல்தான். ஆயினும் கணக்கு அதே கணக்கு. யூரியாவின் படிகத்தைக் குலைக்க வேண்டிய செலவு, கரைவதால் வரும் வரவை விட மிகுதி. அக்குறையை வாளி நீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெடியுப்பை நீரில் கரைத்துப் பருகுநீரைக் குளிர்விக்கும் வழக்கம் அக்பர் காலத்திலேயே இருந்ததை அபுல் ஃபசல் பதிவு செய்திருக்கிறார்.

உண்மையான வெப்பம் கொள் வினை ஒன்றைப் பிள்ளைகள் அடுக்களையிலேயே காணலாம், ஆபத்தில்லை. ஓர் அகன்ற கிண்ணத்தில் அரைக் கோப்பை எலுமிச்சம் சாறு விட்டு, அதில் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா போடச் சொல்லுங்கள். நுரை பொங்கும், பொங்கும்போது அடுப்பில் வைத்தாற்போல் சூடாகும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். கிண்ணமோ சற்றே குளிரும். காய்ச்சல் பார்க்கும் கருவியைவிட அறை வெப்பமானி இதற்கு ஏற்றது. வெப்பத்தை வெளியே விட்டால்தான் வினை நிகழும் என்று சட்டமில்லை. அடைபட்டிருந்த கரியமிலவாயு விடுபட்டுப் பரவுவதும் வினையை முன்தள்ளும் ஒரு காரணமே.

இவற்றிற்கெல்லாம் மேலான வெப்பம் கொள் வினை, இலையில் நிகழ்வது. பயிர் கதிரவனின் ஒளியை உள்வாங்கிக் கரியமிலவாயுவையும் நீரையும் உணவாக்குகிறது. பொங்கற்பானையில் நாம் இடும் அரிசி ஒவ்வொன்றும் அவ்வாறு சேர்த்து வைத்த வரவு. உண்ட பின் அது நம் உடலில் வெப்பமாகவும் உழைப்பாகவும் செலவாகிறது. தை முதல்நாள் கதிரவனுக்கு நன்றி கூறும் நம் முன்னோர் வழக்கம் இரசாயனக் கணக்கிற்கும் பொருந்துவதே.

கணக்கறிந்து கலக்குக

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். சேமித்த ஆற்றல் கண்ணுக்குத் தெரியாது என்பதே இக்கணக்கின் சாரம். சாதுவான வெள்ளைக் கல், மூன்றரை லிட்டர் கொதிநீரைத் தன்னுள் ஒளித்துக்கொண்டிருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில், பிள்ளைகள் சுற்றி நிற்க, அதை நீற்றுவது தகாது. சூடு மட்டுமன்று, நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். கண்ணில் தெறித்தால் அமிலத்தை விடவும் ஆழமாய் உள்ளே அரித்துச் செல்லும், பார்வையே போய்விடலாம்.

ஆகவே தாய்மார்களும் பெரியவர்களும் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம். சுண்ணாம்பை வெளியே, திறந்த இடத்தில் நீற்றுங்கள். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். இரும்பு டிரம்மோ வாயகன்ற இரும்புப் பாத்திரமோ கொள்ளுங்கள். முதலில் நீரை நிரப்பி, அதில் கல்லைச் சிறிது சிறிதாய் இடுங்கள். கல்லின்மேல் நீரை ஊற்ற வேண்டாம். ஊற்றினால் வெப்பம் ஓரிடத்திலே திரண்டு, ஆவி சுண்ணாம்பையும் அள்ளிக்கொண்டு முகத்தில் அறையும். மூடி போடாதீர்கள். நீண்ட கோலால் கிளறுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளைப் பல அடி தள்ளி நிறுத்துங்கள். ஓரிரவு ஆறவிட்டபின் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். மிஞ்சிய கல்லைக் கூரை ஒழுகும் இடத்தில், சாக்குகளின் நடுவே வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் போன்றவற்றிற்கும் இதே முறைதான்: நீரில் அமிலம் சேர்க்கலாம், அமிலத்தில் நீர் சேர்த்தல் ஆகாது.

தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கண்ணைக் கசக்க வேண்டாம். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை இடைவிடாமல் அரைமணி நேரமேனும் ஊற்றிக் கழுவுங்கள். காரத்தை முறிக்கலாம் என்று எலுமிச்சம் சாறு விடுவதும், பாலோ எண்ணெயோ விடுவதும் கூடாது. முறிக்கும் வினையும் வெப்பம் உமிழ் வினையே என்பதை மறவாதீர்கள். கழுவிய பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ளவர்க்குச் சயான் லோகமான்ய திலகர் நகராட்சி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. தோலில் உலர்ந்த தூள் பட்டால் முதலில் துணியால் தட்டிவிட்டு, பின்னர் நிறைய நீரால் கழுவுங்கள்.

கேள்வி கேட்ட சிறுவனுக்கு ஒரு சொல். தாராவிக்கு அருகே மாதுங்காவில் 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே கற்பிக்கப்படுவதும் அவன் கேட்ட கேள்வியின் விரிவே. அவன் அவ்வழியே நடந்து செல்லும்போது வேடிக்கை பார்ப்பவனாக மட்டும் செல்ல வேண்டியதில்லை.

அன்பர்கள் அனைவர் இல்லங்களிலும் சுவரும் வெளுக்க, பானையும் பொங்குக. கண்கள் பழுதின்றிக் காக்கப்படுக. வேறு ஐயங்கள் உள்ளோர் வழக்கம்போல் சங்க முகவரிக்கு எழுதலாம்.